வேப்பங்குடாவின் ஒரே அவிசுவாசி

விசுவாச ஆண்டு என்று திருச்சபை அறிவித்த அந்த வருடம், அவிசுவாசிகளோடு எப்படிப் பேசுவது என்று எங்கள் ஊரில் இருபத்துமூன்று பேர் பயிற்சி பெற்றார்கள். பயிற்சி முடிந்த பிறகுதான் ஊரில் இருப்பது ஒரேயொரு அவிசுவாசி என்பது தெரியவந்தது.

வேப்பங்குடா கற்பிட்டிக்குத் தெற்கே, கடலுக்கும் உப்புநீர்க் களப்புக்கும் நடுவே கிடக்கிறது. நூற்று நாற்பது வீடுகள், எல்லாம் மீன்பிடிக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள். ஊர் எல்லையில் மன்னாரிலிருந்து தொண்ணூறில் வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம்களின் குடியிருப்பு. பயிற்சிக்குப் பிறகு சிலருடைய கண் முதலில் அந்தப் பக்கம்தான் போனது. எங்கள் சுவாமியான பங்குத்தந்தை இளையவர், அதிகம் கோபப்படாதவர். அன்று மட்டும் கோபப்பட்டார். அந்தச் சனங்கள் விட்டுவிட்டு வந்தது போதாதா, விசுவாசத்தையும் விடச் சொல்லிக் கேட்க வெட்கமில்லையா என்று கேட்டார். கடற்படை முகாமில் இருந்த பௌத்தப் பையன்களைப் பற்றிச் சுவாமி எதுவும் சொல்லவில்லை. அவர்களிடம் போகவேண்டாம் என்று பயிற்சி பெற்றவர்கள் தாங்களாகவே தீர்மானித்துக்கொண்டார்கள். காரணத்தை ஒருவரும் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவுமில்லை.

மிஞ்சியது எங்கள் ஆட்கள். பூசைக்கு வராதவர்களில் பாதிப்பேர் இத்தாலியில் இருந்தார்கள். மீதிப்பேர் குடிகாரர்கள். குடிகாரர்கள் எல்லோரும் உறுதியான விசுவாசிகள். பொழுதுபட்டால் கடவுளோடு நேரடியாகவே பேசுவார்கள். அப்படிக் கழித்துக் கழித்து வந்தபோது கடைசியில் நின்றவர் தோமஸ் அண்ணன்.

தோமஸ் அண்ணனுக்கு அறுபத்தொரு வயது. படகு இஞ்சின் திருத்துகிறவர். பதினொரு வருடங்களுக்கு முன்னர் பெரிய வெள்ளி வழிபாடு முடிந்ததும் அப்போதிருந்த சுவாமியிடம் போய், எனக்கு நம்பிக்கை இல்லை, வெறுமனே வந்து முழங்காலில் நிற்பது சரியில்லை, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவர். சண்டை எதுவும் இல்லை. அதற்குப் பிறகும் திருவிழாவுக்குக் கோயில் ஜெனரேட்டரைத் திருத்திக் கொடுப்பார். அவருடைய மனைவி அனஸ்தாசியா அக்கா பாடகர் குழுவில் முன்வரிசை. ஊரும் பழகிவிட்டது. அவருடைய பெயரை வைத்து அவரை விவிலியத்தில் வரும் சந்தேகக்காரத் தோமை என்று பகிடி பண்ணுவதைக்கூட ஊர் எப்போதோ விட்டிருந்தது.

நான் கூட்டுறவுச் சங்கத்தின் வாசிகசாலையைப் பார்த்துக்கொள்கிறவன். இரண்டு அலுமாரி, ஒரு நீண்ட மேசை, எட்டுக் கதிரைகள். மாலை ஐந்து மணிக்குத் தோமஸ் அண்ணன் கைகளை மண்ணெண்ணெயால் கழுவிக்கொண்டு வருவார். யன்னல் பக்கக் கதிரையில் இருந்து பத்திரிகையை விரிப்பார். நான் எதிரே என் புத்தகத்தோடு இருப்பேன். ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்கும்போது எழும்பி, “அப்ப வாரன், சவிரி” என்பார். சில நாட்களில் அந்த மூன்று சொற்கள்தான் எங்களுக்குள் நடந்த முழுக் கதையும். நான் தனியாள். அந்த ஒரு மணித்தியாலம் இல்லாவிட்டால் என்னுடைய நாளில் என்ன மிஞ்சும் என்று நான் யோசித்துப் பார்த்ததில்லை, யோசிக்கும் தேவை வராததால்.

பயிற்சிக்கு நானும் போயிருந்தேன். கொழும்பிலிருந்து வந்த பயிற்றுநர், நல்ல சாட்சி முதலில் காது கொடுப்பான் என்றார். பத்து நிமிடம் வாய் திறக்காமல் மற்றவர் சொல்வதைக் கேட்கும் பயிற்சியில் தேறியது நான் ஒருவன்தான். மற்ற இருபத்திரண்டு பேரும் அதை என்னிடமிருந்த ஒரு திறமையாகப் பாராட்டினார்கள். பயிற்றுநர் வேறு இரண்டு விஷயங்களையும் கற்பித்தார். ஒவ்வொரு அவிசுவாசத்துக்கும் பின்னால் ஒரு காயம் இருக்கும், அதைக் கண்டுபிடிக்கவேண்டும். எதிராளி கைகளைக் கட்டிக்கொண்டால் மனக்கதவைச் சாத்துகிறார் என்று பொருள். உடனே பேச்சை நிறுத்தி அன்பாகப் புன்னகைக்கவேண்டும்.

முதல் திங்கட்கிழமை ஐந்து கோஷ்டிகள் தோமஸ் அண்ணன் வீட்டுக்குப் போயின. அனஸ்தாசியா அக்கா பன்னிரண்டு கோப்பை பிளேன்ரீ ஊற்றினார். மூன்றாவது கோஷ்டி வாசலில் நிற்கும்போது நான்காவது கோஷ்டி பின்பக்கத்தால் போய்க் குசினிக்குள் உட்கார்ந்தது. வெளியே வந்ததும் அடிபிடி வரப்பார்த்தது. ஞாயிறு பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தில் அவசரக் கூட்டம் கூடியது.

தீர்வு சொன்னவர் அன்ரனிப்பிள்ளை. எங்கள் கரையில் கரைவலை வைத்திருக்கும் சம்மாட்டிகளில் மூத்தவர். பங்குச்சபைத் தலைவரும் அவர்தான். கரையில் வலை இழுக்க நல்ல இடம் ஒன்றுதான் உண்டு. வலைகள் ஏழு. ஆகவே ஒரு நாள் ஒரு வலைக்கு. அன்று வலையில் படுவது அந்தச் சம்மாட்டிக்கு. முறையைத் தவற விட்டால் அடுத்தவன் எடுத்துக்கொள்ளலாம். அவருடைய பாட்டன் காலத்திலிருந்து இந்த ஒழுங்கு பிசகியதில்லை. அதையே தோமஸுக்கும் வைத்தால் என்ன என்று அன்ரனிப்பிள்ளை கேட்டார். சபை முழுவதும் தலையாட்டியது. ஏழு கோஷ்டி, ஏழு நாள், திருவுளச்சீட்டு. யாருடைய முறையில் தோமஸ் மனம் திரும்புகிறாரோ அவர் அந்தக் கோஷ்டியின் கணக்கு. “ஆத்துமாவை மீன்பாடு மாதிரி நினைக்கேலாது,” என்று சுவாமி மெதுவாகச் சொன்னார். அதை எல்லோரும் மரியாதையோடு கேட்டுவிட்டுச் சீட்டைக் குலுக்கினார்கள்.

எனக்கும் யூட் என்ற பையனுக்கும் வியாழக்கிழமை விழுந்தது.

முறை ஞாயிறு அன்ரனிப்பிள்ளையின் கோஷ்டியோடு தொடங்கியது. அவர் காயத்தைத் தேடினார். தொண்ணூற்றெட்டில் எரிந்த படகா என்று கேட்டார். இல்லை, அதற்கு நட்டஈடு கிடைத்தது என்றார் தோமஸ் அண்ணன். தகப்பனின் சாவா? அவர் எண்பத்துநான்கு வயதில் நித்திரையில் போனவர். யுத்தமா? யுத்தம் எல்லோருக்கும்தானே நடந்தது. அப்போது ஒரு காயமும் இல்லையா என்று அன்ரனிப்பிள்ளை ஏமாற்றத்தோடு கேட்க, தோமஸ் அண்ணன் கொஞ்சம் யோசித்து, இஞ்சின் விசிறியில் வெட்டுப்பட்ட பெருவிரலைக் காட்டினாராம்.

திங்கட்கிழமைக் கோஷ்டி அவர் கைகளைக் கட்டிக்கொண்டு இருப்பதாக அறிவித்தது. செவ்வாயும் அதையே சொன்னது. தோமஸ் அண்ணன் பிறந்த நாளிலிருந்து கைகளைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். கல்யாணப் படத்திலும் அப்படித்தான் நிற்கிறார். ஆனால் பயிற்சி பயிற்சிதானே. அவர் கைகளைக் கட்டியதும் வந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்திப் புன்னகைத்தார்கள். நாலைந்து பேர் சுற்றியிருந்து பேசாமல் சிரித்துக்கொண்டிருந்தது தன்னை உண்மையிலேயே பயமுறுத்தியது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

மூன்றாவது வாரம் அவர் மாறத் தொடங்கினார். பதினொரு வருடமாக அவருடைய நம்பிக்கையின்மை அவருக்கு ஒரு பாரமாக இருந்ததில்லை. சட்டையைப் போல அது பாட்டுக்கு உடம்பில் கிடந்தது. இப்போது ஒவ்வொரு நாளும் அதைக் கழற்றிக் காட்டச் சொன்னார்கள். இது எப்படி, அது எப்படி என்று கேட்டார்கள். அவருக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வாசிகசாலைக்கு வந்து பத்திரிகையை விட்டுவிட்டு விவிலியத்தைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். ஒரு பென்சிலால் கடதாசியில் குறித்துக்கொண்டே போனார்.

“சவிரி, யோபுவின்ட பிள்ளையள் செத்ததுக்குப் பிறகு ஆண்டவர் புதுப் பிள்ளையள் குடுத்தார் எண்டு கிடக்கு. பழைய பிள்ளையளுக்கு என்ன ஞாயம்?”

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

“உனக்குத் தெரியாதெண்டா ஆருக்குத் தெரியும்? நாளைக்குச் செவ்வாய்க்காரர் வருவாங்கள். அவங்களைக் கேக்கிறன்.”

அவர் விவிலியம் வாசிக்கிறார் என்ற செய்தி ஊரில் பரவியதும், அது யாருடைய முறையில் தொடங்கியது என்று ஒரு பெரிய தர்க்கம் வந்தது. திங்கள் என்று தீர்ப்பாயிற்று. திங்கட்காரர்கள் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்கள்.

என்னுடைய ஒரு மணித்தியாலம் போய்விட்டது. அவர் வந்தால் கேள்விகள்தான். கேள்வி முடிந்தால் முந்தின நாள் வந்தவர்கள் மேல் கோபம். ஆறு மணி அடித்தாலும் எழும்பமாட்டார், வீட்டில் ஆட்கள் காத்திருப்பார்கள் என்று. நான் பக்கத்தைத் திருப்பாமல் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் அவர் சொன்னார், சிலாபத்தில் இருக்கும் மகள் அஜித்தா தன்னை வரச்சொல்கிறாள் என்று. அங்கே ஒரு படகுத் துறையில் வேலையும் இருக்கிறதாம். விசுவாச ஆண்டு முடியும் வரைக்குமா என்று கேட்டேன். “போனா போனதுதான். இந்த வயசில ரெண்டு தரம் சாமான் ஏத்தேலாது,” என்றார்.

மறுநாள் அவரைக் கூட்டிக்கொண்டு நெய்னாரின் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். நெய்னார் மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். ஊரில் நடப்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

“எங்கட ஜமாஅத் ஆக்களும் வீடு வீடா வருவாங்கதான்,” என்றார். “ஆனா எங்கட வீடுகளுக்கு மட்டும். பள்ளிவாசலுக்கு வாங்க எண்டு சொல்லுவாங்க. நான் இன்ஷா அல்லாஹ் எண்டு சொல்லுவன். அவங்களும் சந்தோசமாப் போயிருவாங்க, நானும் சந்தோசமா உள்ள வந்து படுத்திருவன். நீங்களும் சரி எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்களேன் அண்ணன். ஒரு ஞாயிறு போய் நிண்டுட்டு வந்தா முடிஞ்சுது.”

“அது பொய்யாப் போயிருமே, நெய்னார் நானா,” என்றார் தோமஸ் அண்ணன்.

நெய்னார் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். “இவர்தான் உங்கட ஊரில நம்பிக்கை இல்லாத ஆளா?” என்று கேட்டார்.

வியாழக்கிழமை முறைகளில் இதுவரை யூட்தான் பேசினான். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். அந்த வாரம் யூட் இத்தாலி விசா அலுவலாகக் கொழும்புக்குப் போய்விட்டான். முறையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் அன்ரனிப்பிள்ளை அதை எடுத்துக்கொள்வார். புதன்கிழமையே இரண்டு தடவை விசாரித்துவிட்டார். ஆகவே வீட்டுக்குப் போகாமல், வாசிகசாலையிலேயே முறையை நடத்துவது என்று முடிவு செய்தேன். ஐந்து மணிக்குத் தோமஸ் அண்ணன் வந்தார். விவிலியத்தையும் கேட்கவில்லை, பத்திரிகையையும் எடுக்கவில்லை. கதிரையில் இருந்து கைகளைக் கட்டிக்கொண்டார்.

“இண்டைக்கு உன்ட முறை,” என்றார். “தொடங்கு.”

எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, வழக்கம்போல இருப்போம் என்றேன். அது அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். கால் மணித்தியாலம் அப்படியே இருந்தோம். வெளியே யாரோ கருவாட்டைத் திருப்பிப் போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் நாங்கள் இருந்த அமைதி இது இல்லை என்று எனக்கே தெரிந்தது.

“ஊரில ஒருத்தன் மிச்சமில்ல,” என்றார் திடீரென்று. “வலை இழுக்கிறவன், கருவாடு காயவைக்கிறவன், எல்லாரும் வந்து எனக்காகக் கண்ணீர் விட்டிட்டுப் போறாங்கள். நீ பதினொரு வருஷமா முன்னால இருக்கிறாய். ஒரு நாளாவது ஏன் கோயிலுக்கு வரேல்ல எண்டு கேட்டனியா? நான் நரகத்துக்குப் போனா உனக்குப் பரவாயில்லையா?”

“நீங்கதானே நரகம் இல்லை எண்டிறீங்க.”

“நான் இல்லை எண்டுறன். நீ இருக்கெண்டு நம்பிறாய்தானே. அப்ப நீ கேட்டிருக்கோணும்.”

அதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம் என்னைச் சுட்டதால்தான் நான் யாருக்கும் சொல்லாததைச் சொன்னேன். ஒவ்வொரு நாளும் விடியற்காலைப் பூசையில் நற்கருணை வாங்கிக்கொண்டு என் இடத்தில் வந்து இருந்ததும், செபத்தில் அவருடைய பெயரைச் சொல்கிறேன் என்றேன். பதினொரு வருடமாக.

அவருடைய கைகள் அவிழ்ந்தன. பயிற்றுநர் இருந்திருந்தால் கதவு திறந்துவிட்டது என்றிருப்பார். தோமஸ் அண்ணனின் முகம் கறுத்துப்போனது. ஆறு வாரமாக மற்ற இருபத்திரண்டு பேரும் செய்யாத ஒன்றை நான் செய்துவிட்டேன். அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

“என்னத்துக்கு? ஆரைக் கேட்டு?”

“ஒருத்தரையும் கேக்கேல்ல.”

“என்னைத் திருத்தச் சொல்லியா?”

“முதல்ல அப்பிடித்தான். பிறகு அதை விட்டுட்டன். இப்ப பேரை மட்டும் சொல்லுறன்.”

“அவங்களாவது கதவைத் தட்டிப்போட்டு வந்தாங்கள்,” என்றார். “நீ என்னோட ஒண்டும் கதைக்காம, எனக்குப் பின்னால அங்க போய்க் கதைச்சிருக்கிறாய். நான் இஞ்ச வந்து சும்மா இருக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்.”

“சும்மாதான் இருந்தீங்க.”

“இல்ல சவிரி. நீ என்னைக் கொண்டுதிரிஞ்சிருக்கிறாய்.”

நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தேன். பெயரைச் சொல்வது ஒரு குற்றமா, நீங்கள்தான் கேட்பதற்கு யாரும் இல்லை என்கிறீர்களே, அப்படியானால் அது உங்களுக்கு என்ன செய்யும் என்றெல்லாம் கேட்டேன். என் குரல் உயர்ந்திருந்தது. யார் யாரிடம் விசுவாசத்தைப் பற்றிப் பேச வந்தது என்று தெரியாத அளவுக்கு நான்தான் தடுமாறிக்கொண்டிருந்தேன். அவர் எழும்பினார். ஆறு மணிக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. “அப்ப வாரன்” என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. யன்னல் பக்கக் கதிரையில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை வந்திருந்து சித்திரக்கதை பார்த்தது. எழும்பச் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. பூசையில் அவருடைய பெயரைச் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் இரண்டு நாளும் வாயைத் திறக்காமல் இருந்தேன். கோயிலில் என் அமைதி அவ்வளவு வெறுமையாக அதற்கு முன் இருந்ததில்லை. சனிக்கிழமை பின்னேரம் அனஸ்தாசியா அக்கா வாசிகசாலை வாசலில் நின்று, “அவர் சிலாபத்துக்குக் கோல் எடுத்துக் கதைச்சார்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு கூட்டத்தில் அன்ரனிப்பிள்ளை ஒவ்வொரு முறையாகக் கேட்டுவந்தார். வியாழன் வந்தது. நான் எழும்பி, பேசினேன், அவர் எழும்பிப் போய்விட்டார் என்றேன்.

“வெறும் வலை,” என்றார் அன்ரனிப்பிள்ளை இரக்கத்தோடு. “பரவாயில்ல தம்பி. எல்லாருக்கும் வாறதுதான்.”

அவர் வெள்ளிக்கிழமை முறைக்குப் போகும்போது மண்டபத்தின் பின்பக்கத்தில் கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். தோமஸ் அண்ணன் வாசலில் நின்றார். பதினொரு வருடத்தில் ஜெனரேட்டர் வேலை இல்லாமல் அவர் கோயில் வளவுக்குள் வந்தது அன்றுதான். சுவாமி எழும்பி நின்றார்.

“இருங்கோ பாதர், நான் கனக்கக் கதைக்க வரேல்ல,” என்றார் அவர். “இனி இவங்கள் ஒருத்தரும் என்ட வீட்டுக்கு வரவேண்டாம். மனுசி தேத்தண்ணி ஊத்தி ஊத்திக் களைச்சுப்போனாள். கதைக்கிறதெண்டா சவிரி மட்டும் கதைக்கட்டும். ஏழு நாளையும் அவன்ட பேரில எழுதுங்கோ.”

“அவன் ஒண்டும் கதைக்கமாட்டானே,” என்றார் அன்ரனிப்பிள்ளை.

“அவனோட எனக்கொரு சண்டை பாதியில நிக்குது. அதை முடிக்காமப் போகேலாது.”

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது: தோமஸ் கோயில் வளவுக்குள் தானாக வந்திருக்கிறார். இன்று ஞாயிறு. ஞாயிறு யாருடைய முறை? தன்னுடையது என்றார் அன்ரனிப்பிள்ளை. வலை போட்டது வியாழன் அல்லவா என்றான் அன்று காலைதான் கொழும்பிலிருந்து வந்து இறங்கிய யூட். வியாழன் வலை வெறும் வலை என்று இப்போதுதானே தீர்ந்தது என்று ஞாயிறு கோஷ்டி கத்தியது. வலையின் மடி கரைக்கு வரும் நாள்தான் கணக்கு என்றார் ஒருவர். வளைத்த நாள்தான் கணக்கு, பாரை மீன் கூட்டம் வந்த வருடம் அப்படித்தான் தீர்த்தது என்றார் இன்னொருவர். அவர் விவிலியத்தைத் தொட வைத்ததே தாங்கள்தான் என்று திங்கட்காரர்கள் நடுவில் புகுந்தார்கள். அவர் இன்னும் மனம் திரும்பவில்லையே என்று சுவாமி சொன்னது அந்த இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை.

தோமஸ் அண்ணன் வந்து எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

“நாளைக்கு என்ட பேரைச் சொல்லுவியா?” என்று கேட்டார்.

சொல்வேன் என்றேன். வேண்டாம் என்றால்கூடச் சொல்வேன் என்றேன். அது எனக்கே புதிதாகக் கேட்டது.

“வேண்டாம் எண்டுதான் சொல்லுறன்.”

“சரி. நான் கேட்டிட்டன்.”

“கேட்டும் சொல்லுவாய்?”

“ஓம்.”

அவர் முன்னால் நடக்கும் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப நான் ஏன் வேண்டாம் எண்டுறன் எண்டதையும் நீ முழுக்கக் கேக்கோணும்,” என்றார். “நாளைக்கு ஐஞ்சு மணிக்கு.”

அவர் சிலாபத்துக்குப் போகவில்லை. அந்த ஞாயிறு யாருடைய முறையில் சேரும் என்பது விசுவாச ஆண்டு முடிந்து அடுத்த ஆண்டு பிறந்த பிறகும் தீராமல் கிடக்கிறது. அதனாலேயே வேறு எவரும் அவர் வீட்டுப் பக்கம் போவதில்லை. திங்கட்கிழமை சரியாக ஐந்து மணிக்கு அவர் வந்தார். பேசினார். நானும் பேசினேன். கோயில் மணி அடித்தது, இருட்டியது, சங்கத்துக் காவலாளி வந்து சாவியைக் கேட்டார். செவ்வாயும் அப்படித்தான். புதனும். ஒருநாளாவது சும்மா இருப்போமே என்று போன வாரம் கேட்டுப் பார்த்தேன். பதினொரு வருடம் சும்மா இருந்தது போதாதா என்று கேட்டுவிட்டு, கதிரையை எனக்குக் கிட்டவாக இழுத்துப் போட்டுக்கொண்டு, “நேற்று நீ சொன்னது பிழை, சவிரி,” என்று தொடங்கினார்.